காலி எடை

மணலி விரைவுச் சாலையில்
எடை மேடையில் எனக்கு வேலை.
லாரி உள்ளே போகையில் ஒரு சீட்டு
வெளியே வருகையில் ஒரு சீட்டு
இரண்டுக்கும் நடுவே இருப்பது சரக்கு.
பதினேழு வருஷம் இந்த ஒரே கழித்தல்.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள்
நைட் டூட்டி முடித்து நேராக வந்துவிட்டேன்.
வருஷத்தில் மூன்றே நாள்
ஒற்றியூர்க்காரர் கவசத்தைக் கழற்றிவிட்டு
வெறும் புற்றாக உட்கார்ந்திருக்கிறார்.
வரிசையின் வாலைத் தேடினேன்.
தேரடி தாண்டி, மெட்ரோ தூண் தாண்டி,
மூடிக்கிடந்த செல்போன் கடை வாசலில்
தூறலில் நனைந்துகொண்டிருந்தது அது.

முன்னால் நின்ற அம்மாள் தானாகவே பேசினாள்:
"நேத்து மூணு அம்மனும் ஆச்சு.
காலைல மேலூர், உச்சிக்கு இங்க,
சாயந்திரம் முல்லைவாயல்.
கூட்டத்துல இவரைத்தான் பார்க்க முடியல."
கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்ததில்
அடுத்து அவள் சொன்னது கேட்கவில்லை.
கேட்டது மாதிரி தலையாட்டினேன்.

ஒன்றரை மணி நேரம். பாதி சன்னதித் தெரு.
அவள் போன் அடித்தது.
ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.
பிறகு ஒயர் கூடையை என் கையில் திணித்து
"கொஞ்சம் புடிங்க, வந்துடறேன்."

ஒன்றே முக்கால் கிலோ.
மிஷின் வேண்டாம், என் கைக்கே தெரியும்.

வரிசை யாருக்காகவும் பின்னால் நகராது.
மகிழ மரத்தைக் கடந்தோம்.
இதன் அடியில் சத்தியம் செய்துவிட்டு மீறியவனுக்கு
ஊர் எல்லையில் கண் போனதாகச் சொல்வார்கள்.
நான் எந்தச் சத்தியமும் செய்யவில்லை,
வந்துடறேன் என்றது அவள்தான்.
இருந்தும் கூடையைக் கீழே வைக்க
என்னவோ கை வரவில்லை.

உள்ளே
புனுகும் சாம்பிராணியும் மூச்சை அடைக்க
எண்ணெய் வழியும் கறுப்பு.
அவ்வளவுதான்.
கவசம் போனால் சாமி எத்தனை கிலோ
என்று நான் நினைத்து முடிப்பதற்குள்
"நகருங்க நகருங்க"
வெளியே நின்றேன்.
கும்பிடவே இல்லை.
இரண்டு கையிலும் கூடை.

வடிவுடையாள் சன்னதியில்
குருக்கள் தேங்காயை அவரே எடுத்துக்கொண்டார்.
"பேர், நட்சத்திரம்?"
கூடைக்கு அடியில் நாலு கோடு நோட்டுத் தாள்,
பென்சில் எழுத்து:

டில்லிபாபு பூசம்
ஹேமாவதி அவிட்டம்
கன்னியப்பன் கேட்டை
பாப்பா

பாப்பாவுக்கு எதிரே ஒன்றும் இல்லை.
எழுதி அழித்த தடம்கூட இல்லை.
"சீக்கிரம் சொல்லுங்கோ"
பின்னால் இருந்தவர் முழங்கை என் முதுகில்.
சதயம் என்றேன்.
அது என்னுடையது.
என் பெயரை அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

கோபுர வாசலில் மூன்று மணி வரை நின்றேன்.
பச்சைப் புடவை எது வந்தாலும் எழுந்தேன்.
பச்சைதானா என்பதே பிறகு சந்தேகமாகிவிட்டது.
மறுநாளும் போனேன்.
அதற்கு மறுநாள் கவசம் சாத்திவிட்டார்கள்.

தேங்காய் மூடி கெட்டுப்போகும் என்று
ஒன்றைத் தின்றேன், ஒன்றை வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன்.
மிச்சம் குங்குமமும் தாளும் காய்ந்த அரளியும்.
எடை மேடை ஜன்னல் கம்பியில் தொங்குகிறது கூடை.
பெரிய டிரைலர் மேடை ஏறும்போதெல்லாம்
ஜன்னலோடு சேர்ந்து அதிரும்.
தூரத்தில் ரிஃபைனரிக் குழாயின் தலையில்
கார்த்திகை முடிந்தும் எரிகிறது நெருப்பு.

யாருடையது என்று டிரைவர்கள் கேட்கிறார்கள்.
தெரிந்தவங்களுது என்கிறேன்.
அவள் வந்தால் கூடையைக் கொடுத்துவிடலாம்.
சதயத்தை எப்படித் திருப்பிக் கேட்பது
என்றுதான் தெரியவில்லை.
இருக்கட்டும்.